கலாநிதிப் பட்டத்துக்குத் தோள் கொடுத்த வன்னி உறவுகளுக்கு

அன்பான கிளிநொச்சி, பரந்தன், மடு உறவுகளுக்கு,

சமய வரலாற்றில் என் கலாநிதிப் பட்ட ஆய்வேடு ஒருவழியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. உங்களில் சிலர் பெயர் போட்டு நன்றி சொன்னாலே கூச்சப்படுவீர்கள். அதனால் பெயரில்லாத இந்த மடல்.

முதலில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குருமாருக்கு. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். மாந்தை மாதா சொரூபத்தோடு குடும்பங்கள் மடுக் காட்டுக்குள் போயின. 1687இல் கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தார். தடை போட்டவர்கள் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சீர்திருத்த சபையார். நானும் அந்த மரபில் குரு அபிஷேகம் பெற்றவன்தான். "உங்கட ஆக்கள் துரத்தின கதையை எழுத நீங்களே வந்திட்டியளோ ஐயா?" என்று சிரித்த சுவாமி, அடுத்த நிமிடம் பதிவேட்டு அலுமாரியின் திறப்பைக் கையில் தந்தார். அந்தச் சிரிப்புக்கும் திறப்புக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்தில் பணிசெய்த ஒல்லாந்தச் சீர்திருத்த சபைப் போதகர் பால்தேயுஸ் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட நூலில் தேவாலயங்களும் பள்ளிகளும் வரிசையாக வருகின்றன. காட்டுக்குள் போன சனம் எதை ஓதியது, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்பதற்கு அங்கே இடமில்லை. அதை எனக்குச் சொன்னவர்கள் வன்னி அம்மாமார். 2008, 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடி, செட்டிகுளம் முகாமில் வந்து நின்றபோது, நெல் மூட்டையையும் மாடுகளையும் விட்டவர்கள் ஞானஸ்நானப் பத்திரத்தையும் பூட்டனின் செபப் புத்தகத்தையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார்கள். வரலாற்றுக்காக அல்ல. பிறப்புப் பத்திரம் தொலைந்தால் இதைக் காட்டலாமே என்ற முன்யோசனைதான். என் ஆய்வேட்டின் பாதி அந்த முன்யோசனையில் நிற்கிறது. சான்றாதாரம் பற்றி வகுப்பெடுக்கும் நாங்கள் இவர்களிடம் கொஞ்சம் படிக்கலாம்.

கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் பக்கத்தில் இருந்து ஒல்லாந்தக் கையெழுத்தை வாசித்துத் தந்தவர், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் என்னோடு படித்த சிங்களத் தோழர். நேர்த்திக்கு ஆண்டுதோறும் மடுவுக்குப் போகும் சைவக் குடும்பங்கள் தங்கள் பாட்டிமார் கதைகளைச் சொன்னார்கள். நான்காம் இயல் அவர்களுடையது. மேற்பார்வையாளர்களுக்கும் நூலகத்தாருக்கும் ஆய்வேட்டிலேயே முறைப்படி நன்றி சொல்லிவிட்டேன்.

அப்புறம் என் சபையார். ஞாயிறு பிரசங்கத்தில் திடீரென்று ஒல்லாந்தத் தேசாதிபதி நுழைந்தாலும் பொறுமையாக இருந்தீர்கள். நான் சுவடிக்கூடத்தில் கிடந்த நாட்களில் செபக் கூட்டத்தை நடத்தினீர்கள், நோயாளிகளைப் போய்ப் பார்த்தீர்கள். வீட்டுக்காரி தட்டச்சுப் பிழை திருத்தினாள், இடைக்கிடை என்னையும் திருத்தினாள்.

இரவல் தந்த பத்திரங்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் ஸ்கான் எடுத்தாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிய வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரமுடியாதவர்களுக்கு ஓகஸ்ட் மடுத் திருவிழாவில் கையோடு கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் போதகர்