கான்சர் வந்தவையைக் கட்டிலோட விடாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

கான்சர் எண்டு கேள்விப்பட்ட உடனே எங்கட சனம் செய்யிற முதல் வேலை ஆளைக் கட்டிலோட விடுறதுதான். மகரகமயிலயோ மட்டக்களப்பிலயோ கீமோ ஏத்திப்போட்டு வந்தா கையில இருக்கிற தும்புத்தடியைப் பறிப்பினம், முடக்குக் கடைக்குப் போக விடாயினம், "உனக்கேன் பிள்ளை இப்ப இந்த வேலை" எண்டு மாமி ஒருபக்கம் சத்தம். நானும் மார்பில கான்சர் வந்து ஒப்பரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிச்ச ஆள்தான். பாசத்தில சொல்லினம் எண்டு விளங்குது, ஆனா கான்சரும் கீமோவும் தாற களைப்பு வேலை செய்து வாற களைப்பு இல்லை, நித்திரை கொண்டாலும் போகாது, ஏலுமான அளவுக்கு உடம்பை அசைச்சாத்தான் கொஞ்சமாவது இறங்கும்.

இது என்ர கதை மட்டும் இல்லை. குடல் கான்சருக்கு ஒப்பரேஷனும் கீமோவும் முடிஞ்ச 889 பேரை வைச்சு கனடா, ஆஸ்திரேலியா பக்கம் நடத்தின ஆய்வு 2025இல வெளியானது. 3 வருசம் ஆள் வைச்சு உடற்பயிற்சி செய்வித்த பக்கத்தில 5 வருசத்துக்குப் பிறகு 100க்கு 80 பேர் நோய் திரும்பாம இருந்தவை, உடம்பைப் பாக்கிறது பற்றின புத்தகத்தை மட்டும் குடுத்து அனுப்பின பக்கத்தில 74. தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக்கே 2011இல நாட்டின்ர தெற்கு முனை தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கில பருத்தித்துறை வரைக்கும் நடந்துதானே காசு சேர்த்தவை!

எனக்கு நடையை விட தண்ணிதான் ஒத்துவந்தது. நெஞ்சளவு தண்ணியில நிண்டா உடம்புப் பாரத்தில பாதிக்கு மேல தண்ணியே தாங்கும், தோளுக்கு மேல தூக்க ஏலாத கை அங்க தானா மிதந்து எழும்பும். அதுக்காக நினைச்ச உடனே இறங்கக்கூடாது. கீமோ நேரம் வெள்ளை அணு குறைஞ்சிருந்தா, நெஞ்சில மருந்து ஏத்திற குழாய் (லைன்) போட்டிருந்தா, காயம் ஆறாம இருந்தா, ரேடியேஷன் பட்ட தோல் வெந்துபோய் இருந்தா கடலும் வேண்டாம், ஹோட்டல் பூலும் வேண்டாம். கிளினிக்கில வாய் விட்டுக் கேளுங்கோ, எங்களில கனபேர் கேக்கிறதே இல்லை. இன்னொண்டு, கமக்கட்டில நிணநீர் முடிச்சு எடுத்த ஆக்களை "நோவுக்கு நல்லம்" எண்டு கன்னியா சுடுதண்ணிக் கிணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, சூட்டுத் தண்ணி அந்தக் கையை வீங்கப்பண்ணலாம்.

சோளகக் காலத்தில எங்கட திருகோணமலைக் கடல் குளம் மாதிரித்தான் கிடக்கும், வாடை தொடங்கினா கிட்டப் போகேலாது. அந்த நல்ல மாதங்களில உப்புவெளியிலயும் டச் பேயிலயும் வெள்ளைக்காரப் பொம்பிளையள் நீந்தினம், நாங்கள் கரையில சுண்டல் சாப்பிட்டுட்டு வாறம். ஒரு பக்க மார்பு இல்லாத பொம்பிளை ஈரச் சட்டையோட அத்தனை பேருக்கு முன்னால ஏறி வருவாளா? பொறுப்பில இருக்கிறவையிட்ட கேக்கிறது இதுதான்: கிழமையில ரெண்டு விடியக்காலை, கரையில ஒரு துண்டைப் பெண்களுக்கெண்டு ஒதுக்கி, உயிர்காப்புக்கு ஒரு ஆளும் உடுப்பு மாத்த ஒரு மறைப்பும் நல்ல தண்ணிப் பைப்பும் போட்டுத் தாங்கோ. பெரிய செலவில்லை, வாற சித்திரைக்குள்ள செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருகோணமலை.