கத்தி பிடித்த கை பேதுருவுடையதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், லியனார்டோ டாவின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தில் ஒளிந்திருக்கும் ரகசியங்கள் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். இயேசுவின் வலப்பக்கம் இருப்பது சீடர் யோவான் அல்ல, இயேசுவைப் பின்பற்றிய பெண்ணான மகதலா மரியாவாம். இன்னொரு சீடரான பேதுரு அந்த மரியாவின் கழுத்தருகே கையை நீட்டி மிரட்டுகிறாராம். கத்தி பிடித்திருக்கும் கை யாருடையது என்றே தெரியவில்லையாம்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் அந்தப் படம் நாற்பது வருடமாக மாட்டியிருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் அந்த முகம் பெண் முகமாகத்தான் தெரிந்தது. "அது அருளப்பர்டா, இருக்கிறவர்களிலேயே இளையவர்" என்பார் பாட்டி. அருளப்பர் என்பது யோவானின் இன்னொரு பெயர். பாட்டி சொன்னது சரி. யோவானைத் தாடியில்லாத இளைஞராக வரைவது அன்றைய இத்தாலிய வழக்கம். ஃபிளாரன்சில் ஓவியர் கிர்லாந்தாயோ 1480-ல் வரைந்த இராவுணவிலும் அவர் அப்படித்தான் இருக்கிறார். அப்புறம், அது மரியா என்றால் யோவான் எங்கே போனார்? மேசையில் இயேசுவோடு சேர்த்துப் பதின்மூன்று பேர்தானே!

"உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று இயேசு சொன்ன அந்த நொடியைத்தான் டாவின்சி வரைந்தார். யாரைச் சொல்கிறார் என்று கேட்கும்படி பேதுரு பக்கத்துச் சீடருக்குச் சைகை காட்டியதாக யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. பேதுருவின் இடக்கை யோவானின் தோளைத் தொடுவது அதற்காக. யோவான் தலையைச் சாய்ப்பது அதைக் கேட்க. இதில் மிரட்டல் எங்கே வந்தது?

கத்தியைப் பிடித்திருப்பது பேதுருவின் வலக்கை. மணிக்கட்டை மடக்கி, காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் முதுகுக்குப் பின்னால் இடுப்பருகே வைத்திருக்கிறார். அந்தக் கைக்காக டாவின்சி போட்டுப் பார்த்த கோட்டோவியம் இன்றும் இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் கோட்டைத் தொகுப்பில் இருக்கிறது. அதே இரவில் தோட்டத்தில் இயேசுவைப் பிடிக்க வருகிறவர்களில் ஒருவனான, தலைமைக் குருவின் வேலையாள் மால்குவின் காதை வெட்டப்போகிறவர் பேதுரு. அது தெரிந்தவர்களுக்கு அந்தக் கத்தி ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கவே வேண்டாம். இன்னொரு சீடரான தோமா உயர்த்திய விரலும் அப்படித்தான். உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லப்போகிற விரல் அது.

கட்டுரை இதை ஃபிரெஸ்கோ என்கிறது. ஃபிரெஸ்கோவை ஈரச் சுவரில், காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். டாவின்சி நின்று நிதானமாக, திருத்தித் திருத்தி வரைகிறவர். அதனால் மிலானின் சாந்தா மரியா டெல்லே கிராட்சி மடத்து உணவறையில் காய்ந்த சுவரிலேயே வரைந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652-ல் சுவரில் கதவு வைக்கிறோம் என்று இயேசுவின் பாதங்களையே வெட்டி எடுத்தார்கள். இருபது வருடத்துக்கும் மேல் நடந்து 1999-ல் முடிந்த சீரமைப்பில், உதிர்ந்துபோன இடங்களை மெல்லிய நீர்வண்ணத்தால் நிரப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சுவரில் ஒரு முகத்தின் மென்மையை வைத்துக்கொண்டு ஆணா பெண்ணா என்று தீர்ப்பு எழுதலாமா?

இன்னொன்று. நீங்கள் அச்சிட்ட படத்தில் இயேசுவும் அந்த 'மரியா'வும் மட்டுமே இருந்தார்கள். பேதுருவையும் பணப்பையை இறுக்கிப் பிடித்த யூதாசையும் வெட்டிவிட்டீர்கள். டாவின்சியின் மாணவர் ஜாம்பியெத்ரீனோ வரைந்ததாகச் சொல்லப்படும் பழைய நகல் ஒன்று உண்டு. யூதாசின் கை தட்டிக் கவிழ்ந்த உப்புக் கிண்ணமும், கதவு தின்ற அந்தப் பாதங்களும் அதில் தெளிவாகத் தெரியும். அடுத்த இதழில் இரண்டையும் முழுதாக, மேலும் கீழுமாக அச்சிடுங்கள். வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்