பெரியப்பா கேட்ட சிங்கப்பூர்க் கணக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? மீனாவை இங்கே சிங்கப்பூரில் படிக்க அனுப்பப் பெரியப்பா யோசிக்கிறார், செலவு எவ்வளவு என்று கேட்கிறார் என்றீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டை நினைத்து அவர் பயப்பட வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே உணவங்காடி நிலையம், அதாவது ஒரே கூரையின் கீழ் பல சாப்பாட்டுக் கடைகள், இருக்கும். சோறும் இரண்டு மூன்று கறியும் நாலைந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கிடைக்கும், கல்லூரி கேன்டீனில் இன்னும் குறைவு. பால் விடாத கோப்பி-ஓ ஒன்றரை வெள்ளி அளவில்தான். அதே காபியை மாலில் ஏசி கடையில் உட்கார்ந்து குடித்தால் நாலு மடங்கு. ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல் என்று ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்த்தால் மட்டும் எதுவும் தொண்டையில் இறங்காது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அது ஒரு செலவு மிச்சம்.

பணம் போவது வாடகைக்கு. கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்லுங்கள். கிடைக்காதவர்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ஓர் அறை எடுக்கிறோம். பொதுக் குளியலறையோடு ஓர் அறை மாதம் ஆயிரம் வெள்ளியை ஒட்டி வரும். ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றால் அதற்கும் மேலே. வீவக வீட்டு அறையை 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதி இல்லை, அதனால் பார்க்காமல் சரி சொல்லக் கூடாது. முன்பணம் தனி.

அப்புறம் வீட்டுக்காரர் விதிகள். எங்கள் வீட்டம்மா நல்லவர்தான், ஆனால் ஏசி இரவு ஒன்பதுக்கு மேல்தான். காலை ஏழுக்குக் கதவைத் தட்டி நிறுத்தச் சொல்வார். சோறு வைக்கலாம், முட்டை அவிக்கலாம், எண்ணெய் காயக் கூடாது. கடுகு தாளித்தால் அன்றைக்கே பஞ்சாயத்து! சேர்வதற்கு முன்பே மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா, தனியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே குளிர்காலமே கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம், பகலில் 31, 32, இரவிலும் 23-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏசி செலவு வருஷம் முழுக்க உண்டு. இத்தனைக்கும் மீனா ஒரு ஸ்வெட்டர் எடுத்து வர வேண்டும், வகுப்பறையில் அப்படிக் குளிரும்.

துணி காயப்போடுவது இன்னொரு கதை. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணியைக் கோத்து நீட்டிவிட வேண்டும். மதியம் திடீரென்று இடி இடிக்கும், வகுப்பில் இருந்துகொண்டு துணியை நினைத்துப் பெருமூச்சு விடலாம். ரயிலும் பஸ்ஸும் கைக்கு அடக்கம், அரசுப் பல்கலைக்கழகம் போன்ற குறிப்பிட்ட கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்குச் சலுகை அட்டை இருக்கிறது. ரயிலில் தண்ணீர் குடித்தால்கூட 500 வெள்ளி வரை அபராதம்.

பெரியப்பா முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. “படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்” என்று ஏஜென்ட் சொன்னாராமே, அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. அரசு அங்கீகரித்த பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்குத்தான் அந்த அனுமதி. அவர்களுக்கும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம்தான், விடுமுறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சாதாரணத் தனியார் கல்லூரியில் மாணவர் அனுமதி அட்டையோடு (ஸ்டூடன்ட் பாஸ்) சேர்ந்தால் வேலைக்கே போக முடியாது. பணம் கட்டும் முன் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டண மானியம் வாங்கினால், முடித்தபின் மூன்று வருஷம் இங்கே வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மீனாவுக்கு அது சம்மதமா என்று அவளிடம் கேளுங்கள். பெரியப்பாவிடம் அல்ல.

அரிசி, புளி, அப்பளம் எதுவும் கட்டித் தர வேண்டாம் என்று பெரியம்மாவிடம் சொல்லுங்கள். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் எல்லாம் கிடைக்கிறது. அம்மா அரைக்கிற பருப்புப்பொடி மட்டும் எனக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், அதற்கு அடுப்பு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்