காட்டேஜ் வயரிங்கை யாரு பாக்குறது?

ஆசிரியருக்கு வணக்கம். கொடைக்கானல்ல வெளியூர்க்காரங்க முதலீடுன்னு பழைய வீட்ட வாங்கி பெயிண்ட் அடிச்சு காட்டேஜா விடுறாங்க, உள்ள ஓடுற வயரிங்க மட்டும் யாரும் தொடுறதில்ல. நாயுடுபுரம் பக்கம் ஒரு வீட்ல 2000 வாட்ஸ் ரூம் ஹீட்டர 6 ஆம்பியர் பாயிண்ட்ல சொருகி சாக்கெட்டே கருகிப்போயிருந்துச்சு, அந்த ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பாயிண்ட்டும் தனி லைனும் கண்டிப்பா வேணும். மூடுபனியில சுவரெல்லாம் ஓதம் ஏறுற ஊருங்க இது, கீசர்ல கரண்ட் லீக் ஆனா குளிக்கிறவங்க கதி என்ன? எர்த் சரியா இருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் லீக்க கண்டுபிடிச்சு லைன கட் பண்ற பாதுகாப்பு சுவிட்ச்) போட்டிருந்தா உடனே ட்ரிப் ஆயிடும். காட்டேஜுக்கு எல்இடி, சோலார் போடுறதெல்லாம் நல்லதுதான், அதுக்கு முன்னாடி இந்த வயரிங் வேலைய முடிங்க. சீசன் தொடங்குறதுக்குள்ள ஓனருங்க லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன வச்சு செக் பண்ணணும், அனுமதி குடுக்குறப்ப நகராட்சியும் அந்த ரிப்போர்ட்ட கேக்கணும்.

– ஒரு வாசகர், கொடைக்கானல்