உப்புத் தண்ணியா, வெறுந் தண்ணியா ஆச்சி?

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆச்சிக்கு,

உன் பேத்தி எழுதுவது. இங்கே நான், அவர், அத்தை, பாப்பா எல்லாரும் சுகம். அங்கே நீயும் அப்பா அம்மாவும் தம்பியும் சுகம்தானே? போனில் நான் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. மீதியை அம்மா சுருக்கிச் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் இதை எழுத்திலே எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நீயே படி. தம்பியிடம் கொடுத்தால் அவசரத்தில் நாலு வரி தாண்டிப் போய்விடுவான்.

நேற்று வீட்டில் பொரி பொரித்தேன் ஆச்சி. நம்ம வெள்ளைச் சோளம் இல்லை, மக்காச்சோளம். மக்காச்சோளத்தை இங்கே மலாய்க்காரர்கள் ஜாகுங் என்கிறார்கள். நம்ம ஆட்கள் வாயில் பொரிக்குப் பாப்கார்ன்தான். பாப்பாவுக்குப் பள்ளி லீவு, வெளியே விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் தெரியும் சுண்ணாம்புக்கல் மலை, மேகத்துக்குள் முழுசாகப் போய்விட்டது. பொரி வேணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கும் கார்த்திகை என்றதும் உன் பொரிச்சட்டி ஞாபகம் வந்துவிட்டது.

முதல் ஈடு சரியாக வரவில்லை. பாதி மணி பொரிந்தது, பாதி அடியில் கருகி முழித்துக்கொண்டு கிடந்தது. போன மாதம் வாங்கின பாக்கெட். வண்டு வைத்துவிடும் என்று பயந்து வாயைச் சரியாகக் கட்டாமல் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தேன். பிரிட்ஜ் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. உடனே நீதான் கண்ணுக்குள் வந்தாய். குலுக்கையின் அடிவாய்த் துவாரத்தில் கையை விட்டு ஒரு மரக்கால் சோளம் எடுப்பாய். மாசியில் அடித்துப் போட்ட சோளம், கார்த்திகைக்குள் எலும்பாகக் காய்ந்திருக்கும். சுளகில் பரப்பி, விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, பழைய வேட்டியில் சுற்றி ராத்திரி முழுக்க வைப்பாய். "பொரிக்கப் போற சோளத்தை எதுக்கு ஆச்சி நனைக்க?" என்று கேட்டேன். "ஏட்டி, நாக்கு வறண்டு கெடக்கவன் பேசுவானா? அது மாதிரிதான் இதுவும்" என்றாய்.

நீ சொன்னது அத்தனையும் நிசம் ஆச்சி. பிறகு படித்துப் பார்த்தேன். மணியின் எடையில் 14 சதவீதம் அளவு ஈரம் இருந்தால்தான் அது நன்றாகப் பொரியும். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகும். தோல் கெட்டியாக இருப்பதால் ஆவிக்கு வெளியேற வழி கிடையாது. சூடு 180 டிகிரியைத் தொடும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிவிடுமாம். அப்போது தோல் வெடிக்கிறது, உள்ளே கூழாக இளகியிருந்த மாவு நுரைத்து வெளியே வந்து அப்படியே உறைகிறது. ஈரம் குறைந்தால் ஆவிக்கு வலு இல்லை. ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காமல், படிக்கப் பழகியதையும் தாத்தாவிடமே பழகின நீ, இதை விரல் நுனியில் வைத்திருந்தாய்.

அப்பாவுடைய மக்காச்சோளம் ஏன் பொரியவில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது. ஆறாங்கிளாஸ் படிக்கும்போது காட்டிலிருந்து மடியில் அள்ளி வந்து உன் சட்டியில் போட்டேனே, எல்லாம் கருகி, ஒன்றிரண்டு கீறிக்கொண்டதோடு சரி. நான் அழுதேன். அந்த ரகம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதன் தோலுக்கு ஆவியை அடக்கி வைக்கும் கெட்டி கிடையாது. பொரிக்கென்று தனி ரகம், மணி சின்னது, தோல் இறுக்கம். அப்பாவிடம் சொல், அவர் சோளத்தின் மேல் குற்றம் இல்லை. இந்த வருசம் படைப்புழு எப்படி? 2018-இல் வந்தது இன்னும் விட்டபாடில்லையே என்று கவலையாக இருக்கிறது. மருந்தடிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்.

மிச்ச மணியை ஒரு பாட்டிலில் போட்டு, ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர் விட்டுக் குலுக்கி மூடி வைத்திருக்கிறேன். மூன்று நாள் போகட்டும். நேற்றைக்கு அவர்தான் கடைக்குப் போய்ப் புதுப் பாக்கெட் வாங்கி வந்தார். கனமான சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, முதலில் மூன்றே மூன்று மணி போட்டேன். அது மூன்றும் வெடித்ததும் மீதியைப் போட்டு மூடினேன். மூடியைக் கொஞ்சம் சாய்த்து ஆவிக்கு வழி விடவேண்டும், இல்லாவிட்டால் பொரி நமத்துப் போகும். ஊற்றின எண்ணெய் செம்பனை எண்ணெய். இங்கே ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிற மரம் அதுதான். தகரக் கூரையில் மழை, சட்டிக்குள் பொரி, இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது. பாப்பா காதை மூடிக்கொண்டு குதித்தாள்.

அத்தை மட்டும் அடுப்படிக்கு வராமல் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவர் ஒரு கை பொரியை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மழ பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. அந்தச் சத்தம் கேட்டா இன்னும் எனக்கு வயிறு கலங்குது."

அத்தை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் ஆச்சி, பால்மரம் வெட்டினவர். மரத்தைச் சாய்ப்பது இல்லை, பட்டையைக் கீறிப் பால் எடுப்பதற்குத்தான் இங்கே வெட்டு என்று பேர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்களாம். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து வீணாகும், அதனால் மழை நாளில் வேலை கிடையாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் உள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அத்தையின் ஆத்தா லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டிருந்தார். மழை நாளில் காய்ந்த கதிரை அடுப்புச் சாம்பலில் புதைத்து வைப்பார். மணி முற்றிலும் பொரியாது, அங்கங்கே ஒன்று வாய் பிளக்கும். அந்த ஒன்றுக்காக ஐந்து பிள்ளைகளும் அடித்துக்கொள்வார்களாம். பிறகு பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயத்தை உடைத்தார்கள், இவர்கள் டவுனுக்கு வந்து இந்த வீட்டை வாங்கினார்கள். இதை அத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். சாம்பலில் வெடித்த சோளத்தைத்தான் அரை மணி நேரம் பேசினார்.

நமக்கு மழை என்றால் எவ்வளவு சந்தோசம்! கரிசல் நனைந்த வாசத்துக்கு நீ முற்றத்தில் இறங்கி நிற்பாயே. இங்கே ஒரே வீட்டில், ஒரே மழையை நானும் அத்தையும் இரண்டு விதமாகக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். கல்யாணமாகி ஏழு வருசமாகியும் இது எனக்குத் தெரியவில்லை என்பது நேற்று மனசை என்னவோ செய்துவிட்டது.

சம்பள நாள் இரவில் திடலில் திரை கட்டிப் படம் போடுவார்களாம். அன்றைக்குக் கச்சாங் பூத்தேக்காரர் வருவார். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே அதுதான் பேர். காகிதக் கூம்பில் கட்டித் தருவார். இதைக் கேட்டதும் உனக்குச் சொல்ல மறந்திருந்த ஒரு சேதி நினைவுக்கு வந்தது. ஈப்போவில் புந்தோங் என்ற இடத்தில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. கம்பம் என்றால் இங்கே கிராமம். போன தீபாவளிக்குப் பலகாரம் வாங்கப் போயிருந்தோம். தெருவெல்லாம் வறுகடலை வாசம். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு "எந்தப் பக்கம்மா நீ?" என்றார். எட்டயபுரம் பக்கம் என்றேன். வழக்கமாக அந்தப் பேரைச் சொன்னால் இங்கே எல்லாரும் பாரதியைத்தான் சொல்வார்கள். இவர் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பத்துப் பழைய குடும்பங்களுக்கும் பூர்வீகம் எட்டயபுரம் பக்கம்தானாம். அவர் அந்த மண்ணை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "தெப்பக்குளத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டார். மழை வந்தால் கிடக்கும் ஐயா என்றேன். ஒரு பொட்டலம் கடலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நேற்று மீந்த பொரியை மைலோ டின்னில் போட்டு இறுக்கி மூடினேன். இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் சவுக்குச் சவுக்கென்று ஆகிவிடும். இன்று காலை பார்த்தால் அத்தை டின்னைத் தன் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறார். மழை இன்னும் விடவில்லை.

ஆச்சி, ஒன்று மட்டும் மறக்காமல் பதில் எழுது. உன் பொரியில் ஒரு லேசான உப்பு இருக்கும். மணலில் வறுத்துச் சலித்த பிறகு நீ உப்புத் தூவி நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் நீ தெளித்தது உப்புத் தண்ணியா, வெறுந் தண்ணியா? மணல் வைப்பாற்று மணல்தானா, சட்டியில் எவ்வளவு போடுவாய்? சோளம் அந்த வேட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் போதுமா? அளவெல்லாம் உன் கைக்கணக்கிலேயே எழுது, எனக்குப் புரியும். அத்தைக்கு நம்ம வெள்ளைச் சோளப் பொரியைப் பொரித்துக் கொடுக்கவேண்டும். இங்கே ஈப்போவில் சோளம் கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன்.

கால் வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? ராத்திரி தனியே முற்றத்தில் இறங்காதே, வழுக்கும்.

உன் அன்புப் பேத்தி