தொடைக்குக் கரண்ட்

அன்புள்ள நண்பா,

தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று என்று எழுதியிருந்தாய். எனக்கு முடிந்து இது ஐந்தாவது வாரம். முட்டியைவிட என்னைப் படுத்தியது தொடைதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மறுநாளே பிசியோ பெண் வந்து, "காலை நீட்டின மாதிரியே தூக்குங்க சார்" என்றாள். மனதுக்குள் தூக்கினேன். கால் மெத்தையை விட்டு அசையவில்லை. தினமும் ஏழு மைல் சைக்கிள் மிதித்த கால்டா அது! மூட்டு வீங்கியிருந்தால் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவைத் தண்டுவடமே அமுக்கிவிடுமாம். முதல் மாதத்தில் முன் தொடையின் பலம் பாதிக்கு மேல் போய்விடுவதும் சகஜமாம்.

அதற்குத்தான் ஒரு மெஷினை வைத்துத் தொடைத் தசைக்குக் கரண்ட் வைக்கிறார்கள். உள்ளங்கை அகலத்தில், தோலில் ஒட்டும் இரண்டு பேடு: ஒன்று தொடையின் மேல்பகுதியில் வெளிப்புறமாக, இன்னொன்று முட்டிக்குச் சற்று மேலே உட்புறமாக. நொடிக்கு 50 துடிப்பு. 10 நொடி இழுக்கும், 50 நொடி சும்மா இருக்கும். ஏன் இவ்வளவு ஓய்வு என்று கேட்டேன். நாமாக இறுக்கும்போது மூளை தசை இழைகளை முறைவைத்து வேலை வாங்குமாம். கரண்டுக்கு அந்தப் பக்குவம் இல்லை, மாட்டிய இழைகளையே திரும்பத் திரும்ப இழுக்கும். அதனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். முதல் தடவை தொடை தானாக முறுக்கிக்கொண்டு எழும்பியதைப் பார்த்தபோது, பள்ளியில் படித்த, கரண்ட் பட்டதும் கால் துடித்த கால்வானியின் தவளை ஞாபகம்தான் வந்தது.

வலிக்குமா என்று தங்கச்சி கேட்டதாம். கொஞ்சம் வலிக்கும். எறும்பு ஊர்வதுபோல் வைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை. தாங்குகிற மட்டும் கூட்ட வேண்டும். விளம்பரத்தில் பார்த்தேன் என்றாயே, படுத்துக்கொண்டே தொடை பலமாகும் என்று, அதை நம்பாதே. கரண்ட் இழுக்கும்போது நாமும் சேர்ந்து இறுக்க வேண்டும். மூன்றாவது வாரம் மெஷின் இல்லாமலே கால் ஒரு சாண் எழும்பியது. அப்புறம் பிசியோ பெண் கரண்டைக் குறைத்து, நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சியில் தள்ளிவிட்டாள். அதுதான் உண்மையான தண்டனை.

இந்த மெஷினை வீட்டுக்கு வாங்குவதானால் பிசியோவைக் கேட்டு வாங்கு. என் மகனிடம் கடைக்காரர் டென்ஸ் மெஷினைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது வலியைத் தணிக்க, தசைக்கு அல்ல. திருப்பிக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முக்கியமாக, உன் அண்ணனுக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இருக்கிறதல்லவா? இந்தக் கரண்ட் அதைக் குழப்பிவிடலாம். மூட்டு வலி என்று அவர் ஆசைப்பட்டு ஒட்டிப் பார்த்துவிடப் போகிறார், அவர் கைக்கு எட்டாமல் வை.

தங்கச்சியை இப்போதிருந்தே முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திப் பழகச் சொல். தினமும் நாலைந்து வேளை, வேளைக்குப் பத்துத் தடவை. நான் ஆபரேஷனுக்கு முன்பு அதைச் செய்யாமல் சீட்டாடிக்கொண்டிருந்தேன்.

தேதி நெருங்கும்போது போன் பண்ணு.

உன்
பக்கத்து பெஞ்சுக்காரன்