சவுக்கடிக்கு முன்னம் நடப்பது: நாவல் எழுதும் தங்கச்சிக்கு

அன்பின் தங்கச்சி,

யாழ்ப்பாணம் தீவிரவாதிகளின் கைக்குப் போனால் பெண்களின் பாடு என்னவாகும் என்று எழுதுகிறீர். இந்த நாவல் கட்டாயம் வரவேண்டும். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே முற்றவெளியில் சவுக்கடி விழுகிறது. அதைப் பின்னுக்குத் தள்ளும். அடிக்கு வெகு முன்னமே அவள் கையைவிட்டுக் காசும் காணியும் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் தப்பி ஓடவில்லை என்று வாசகர் கேட்பார்.

மார்கரெட் அட்வுட்டின் 1985ஆம் ஆண்டு நாவலான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' காட்டும் மதவாத ஆட்சி பெண்களின் வங்கிக் கணக்குகளைத்தான் முதலில் முடக்குகிறது. பணம் கணவனுக்கோ கிட்டின ஆண் உறவுக்கோ போய்விடும்.

உமக்கு அதைவிடக் கிட்டிய வழி யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை. அதற்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. உமது ஆட்சியாளர் புதிதாக ஒன்றும் எழுதத் தேவையில்லை, அந்த இடத்தை அடைத்தால் போதும். நொத்தாரிசின் மேசையில் காட்சியை வையும்: காணி உறுதி தயார், சாட்சிகள் இருவரும் வந்தாயிற்று, புருஷனின் கையெழுத்து மட்டும் இல்லை.

சந்திக்குச் சந்தி ஆயுதக்காரரை நிறுத்தியிருக்கிறீர். அவ்வளவு ஆள் எந்த ஆட்சிக்கும் கிடையாது. 2022 மே மாதத் தலிபான் கட்டளையில், பெண் உடை விதியை மீறினால் தண்டனை வீட்டு ஆணுக்கு: முதலில் எச்சரிக்கை, அடுத்து அழைப்பாணை, பிறகு சிறை, அரச ஊழியனென்றால் வேலையும் போகும். அதன்பிறகு படலையில் அண்ணனே நிற்பான். பாசமுள்ள அண்ணன் இன்னும் கடுமையாக நிற்பான். உமது நாவலில் அவன் இல்லை. ஆண்கள் எல்லாரும் கொடியவர்களாக இருப்பதால் கதையின் பயம் குறைந்துவிடுகிறது.

தடைகளும் ஒரே நாளில் வரக்கூடாது. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டெம்பரில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் மேல்வகுப்புகள் திறந்தன. 2022 மார்ச் 23 காலை பள்ளிக்குப் போன பெண் பிள்ளைகள் அன்றே அழுதழுது திரும்பினார்கள். அந்த டிசெம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் மூடியது. ஒவ்வொரு முறையும் "இப்போதைக்கு" என்றுதான் சொன்னார்கள். நம்பிக்கையை விட்டுவைத்துப் பறிப்பது இப்படித்தான், தங்கச்சி.

தூரத்தையும் அளந்து எழுதும். அங்கே 72 கிலோமீற்றருக்கு மேல் போக ஆண் துணை வேண்டும் என்றார்கள். அதே அளவை இங்கே வைத்தால், உமது நாயகி கண்டி வீதியில் கிளிநொச்சி வரை தனியே போகலாம், வவுனியா ஆசுபத்திரிக்குப் போக ஏலாது. பஸ் நடத்துநர் அவளை எங்கே இறக்கிவிடுவார், யார் வாய் திறப்பார் என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கும்.